பிளானுக்குள் போய் வந்தவள்

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டு பிளானைப் பிரித்தால் அன்றைக்கு வேலை நடக்காது. பென்சிலை எடுக்க மாட்டாள், ஸ்கேலைத் தொட மாட்டாள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால்களாக்கி, தெருவில் ஆள் நிற்பதுபோலத் தாளின் ஓரத்தில் நிறுத்துவாள். "செத்த இரு, உள்ள போயிட்டு வாரேன்" என்பாள். அந்த விரல்கள் வாசற்படி ஏறும். கதவைத் திறக்கும். திறந்த கதவு உள்ளே கிடக்கிற கட்டிலில் இடிக்குமா என்று நின்று பார்க்கும். பிறகு கூடத்தைக் கடந்து சமையல்கட்டுக்குப் போகும். இடுப்பில் எப்போதும் ஒரு குடம் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. அதனால் சுவரோரம் வந்தால் விரல்கள் கொஞ்சம் ஒதுங்கியே நடக்கும்.

போய்விட்டுத் திரும்பி வந்து குறை சொல்வாள். ஒருநாளாவது "நல்ல வீடு" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. அவளிடம் சம்மதம் கேட்க இப்போது வழியில்லை. கேட்காமல் எழுதினால் அதற்கும் ஒரு குறை சொல்லியிருப்பாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொழில் வகுப்பு நடத்தினார்கள். கட்டட வரைவு, ஒரு வருடப் படிப்பு. இடம் ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கி. மூட்டைகள் காலியாகிப் பல வருடமாகியும் நெடி மட்டும் காலி செய்யவில்லை. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். காற்று திசை மாறினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையும் வந்து சேர்ந்துகொள்ளும். பதினாறு பையன்கள், இரண்டு பெண்கள். அந்த இருவரில் நான் ஒருத்தி. அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். எனக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தே ஆகவேண்டும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு.

அவள் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார்கள். விடியற்காலையில் அரும்பு பறித்துவிட்டு, பூக்கூடைகள் ஏறுகிற அதே பஸ்ஸில் தானும் ஏறி வருவாள். கூடைகளோடு வருபவளின் தலையில் ஒரு பூ இருக்காது. கேட்டால், "நாள் பூராம் அதத்தானடி பாக்குறேன்" என்பாள். அவளுடைய அப்பா கறாராக ஒரு கெடு வைத்திருந்தார். ஒரு வருடம் படிக்கலாம், முடித்ததும் வேலை கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாமா மகனை எனக்கு அப்போது தெரியாது. நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். அவளுக்குக் கல்யாணம் வேண்டியிருக்கவில்லை, வேலைதான் வேண்டியிருந்தது.

பெண்கள் இருவரையும் ட்ரேசர் வேலைக்குத்தான் தயார் செய்தார்கள். இன்ஜினீயர் தாளில் பென்சிலால் போட்ட படத்தின்மேல் ட்ரேசிங் கிளாத்தை விரித்து, கீழே தெரிகிற கோடுகளை மேலே மையில் எடுக்கவேண்டும். அது கஞ்சி ஏற்றிப் பளபளவென்று இருக்கும் மெல்லிய துணி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து வெள்ளையாகத் தடம் விழுந்துவிடும். திண்டுக்கல் வெயிலில் மணிக்கட்டில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவோம்.

எங்கள் டிராயிங் மாஸ்டர் ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு போட்டு ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது, "கீழ இருக்கறது மேல வரணும். கீழ இல்லாதது மேல வரக்கூடாது. ட்ரேசருக்குக் கண்ணும் கையும் போதும்" என்பார். அவளுக்கு அது போதவில்லை.

முதல் மாதமே தகராறு வந்தது. மாஸ்டர் ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு மாதிரி வீட்டைக் கரும்பலகையில் போட்டார். நாங்கள் பதினேழு பேரும் குனிந்த தலை நிமிராமல் நகல் எடுத்தோம். இவள் மட்டும் விரல்களோடு உள்ளே போய்விட்டு வந்து கையைத் தூக்கினாள்.

"சார், கூடத்துச் சுவத்துல ஒரு பொந்து இருக்கே, என்னது சார்?"

"ஃபயர் பிளேஸ். குளிர் காயற அடுப்பு."

"நம்மூர்லயா சார்?"

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுப்பு இருக்கட்டும் சார். தண்ணிக் குடம் வைக்க எங்கயுமே இடமில்லயே. நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வுடுற ஊர்ல குடத்தத் தலையிலயா வச்சுக்கிட்டு இருக்கறது?"

"நீயா குடியிருக்கப் போற? கோட்டப் போடும்மா."

அன்றிலிருந்து பையன்கள் அவளைப் படாத பாடு படுத்தினார்கள். அவள் விரல்கள் தாளில் ஏறினாலே, "வீட்டுல ஆளு இருக்காங்களா? காபி குடுத்தாங்களா?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். அவள் திரும்பக்கூட மாட்டாள். "குடுத்தாங்க, உனக்குத்தான் தர மாட்டேன்னுட்டாங்க" என்று தாளைப் பார்த்தபடியே சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரே வரிசையில் ஏழு குடித்தனம் இருந்த வளவில் எங்களுடையது நாலாவது. அம்மா அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போதே இவள் கண் அண்டாவின்மேல் இருந்தது. கையைக் கழுவிய கையோடு, "அத்தே, இத அந்த மூலைக்குத் தள்ளிருவமா?" என்றாள். அம்மாவும் அவளும் சேர்ந்து அண்டாவைத் தள்ளினார்கள், குடங்களை வரிசை மாற்றினார்கள், அம்மியை வாசல் பக்கம் திருப்பினார்கள். அதுவரை அம்மா குனிந்து நிமிரும்போதெல்லாம் அலமாரிக் கதவின் முனையில் தலையை இடித்துக்கொள்வாள். அன்றோடு அது நின்றது. "இந்தப் புள்ள ஒரு நாழி இருந்து பாத்தத நீ பொறந்ததுல இருந்து பாக்கலயேடி" என்று அம்மா என்னை ஏசினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்.

கெட்டுப்போன ட்ரேசிங் கிளாத்தை மாஸ்டர் எங்களுக்கே கொடுத்துவிடுவார். வெந்நீரில் கஞ்சி போக அலசினால் பட்டுப்போல மல் துணி கிடைக்கும். அம்மா அதில், அதே வளவில் இருந்த என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகனுக்கு ஒரு சட்டை தைத்தாள். எத்தனை முறை அலசியும் மை முழுசாகப் போகவில்லை. இவள் அடுத்தமுறை வந்தபோது குழந்தையைத் தூக்கி மடியில் குப்புறப் போட்டு, முதுகில் விரல்களை நடக்கவிட்டாள். "அடியே, உன் மருமகன் முதுகுல ஒரு குளியலறை இருக்கு. தண்ணி போக வழியக் காணோம்" என்றாள். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எப்போதும் சிரிப்பாகவே இருந்ததில்லை. ஒருமுறை மாஸ்டர் ஒரு சவக்கிடங்கின் படத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தார். ஓர் அறை, ஒரு மேடை, ஒரு சாக்கடை, அவ்வளவுதான். பையன்கள் அரைமணியில் முடித்துவிட்டு வெளியே போனார்கள். அவள் விரல்கள் உள்ளே போனவை திரும்பி வரவில்லை. மேடைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றன. நான் தோளைத் தொட்டேன்.

"ஏன்டி, முடிக்கலையா?"

"வெளிய சொந்தக்காரங்க காத்துக் கெடப்பாங்கள்ல? அவங்க உக்கார ஒரு இடம் இல்லயே. வெயில்ல நிப்பாங்களா?"

"படத்துல இல்லன்னா இல்லதான்."

"எங்க மதினியக் கட்டிலோட தூக்குனப்ப வாசல்ல திரும்பல" என்றாள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதுபோல. "பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். கட்டிலத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கடைசில சாச்சுப் புடிச்சுத்தான் வெளிய எடுத்தாங்க. அவுக கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு."

"அப்புறம்?"

அவள் பென்சிலை எடுத்து, சவக்கிடங்கின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சின்ன பெஞ்சு போட்டாள், அதற்குமேல் ஒரு தாழ்வாரம். மாஸ்டர் அன்றைக்கு அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அன்றே கண்டித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காதோ என்று சிலசமயம் தோன்றும். அந்த நினைப்பும் பழியை வேறு யார் தலையிலாவது போடுவதற்குத்தான்.

வருடம் முடியும் சமயத்தில் மாஸ்டர் வெளிவேலை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு தர்மச் சங்கத்துக்காகப் பத்துக் கட்டில் கொண்ட பிரசவ விடுதி. வெளியூர் இன்ஜினீயர் ஒருவர் போட்ட பென்சில் படம். அதை எடுத்துக் கட்டும் காண்ட்ராக்டரின் அலுவலகத்தில் ஒரு ட்ரேசர் வேலை காலியாக இருந்தது. ஒரே ஒரு வேலை. "ரெண்டு பேருமே நல்லாத்தான் போடறீங்க. இதை எப்படி முடிக்கறீங்கன்னு பார்த்து ஒருத்தரை அனுப்பறேன்" என்றார் மாஸ்டர். அவளுக்குத் தரைத்தளப் படம். எனக்கு முகப்பும் வெட்டுத் தோற்றமும்.

அவள் துணியை விரிக்கும் முன்பே விரல்களை இறக்கிவிட்டாள். முன்வாசல், வழி, வலப்பக்கம் திருப்பம், திரும்பின உடனே பிரசவ அறைக் கதவு. திருப்பத்தில் நின்றாள். போனவள் திரும்ப வாசலுக்கு வந்து மறுபடி போனாள். பிறகு நோட்டு அட்டையில் ஸ்கேல் வைத்து ஒரு துண்டு வெட்டினாள். எட்டடிக்கு ஓர் அங்குலம் என்பது படத்தின் அளவு. அந்த அளவில் கைப்பிடியோடு சேர்த்து ஏழடி நீள ஸ்ட்ரெச்சர்.

"நீ முன்னால புடி, நான் பின்னால புடிக்கேன்" என்றாள்.

என் இரண்டு விரல்கள் முன்னால், அவளுடைய இரண்டு விரல்கள் பின்னால். நடுவில் அந்த அட்டை. வழியில் நேராகப் போனோம். திருப்பத்தில் அட்டையின் முனை சுவரில் முட்டியது. பின்னால் வாங்கித் திருப்பினோம். மறுமுனை முட்டியது. சாய்த்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம். மூன்றரை அடி வழி, மூன்றடிக் கதவு. எப்படிப் போனாலும் திரும்பவில்லை.

"திரும்பலல்ல?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"திரும்பல" என்றேன்.

அவள் போய் மாஸ்டரிடம் சொன்னாள். அவர் தலையைத் தூக்கவில்லை. "போட்டது இன்ஜினீயர். நீ ட்ரேசர். கீழ இருக்கறது மேல வரணும்" என்றார்.

மூன்று நாள் அவள் யாரோடும் பேசாமல் வேலை பார்த்தாள். அவ்வளவு சுத்தமான கோட்டை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. நாலாவது நாள் மாஸ்டர் அவளுடைய ட்ரேசிங்கை மூலப் படத்தின்மேல் வைத்து ஒத்துப் பார்த்தார். எல்லாக் கோடும் கோட்டின்மேல் உட்கார்ந்தது. ஓரிடத்தில் மட்டும் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"துணி சுருங்கிடுச்சா?" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"துணி இல்ல சார். நாந்தான் சுவத்த ஒன்றரை அடி தள்ளி வச்சேன். ஸ்டோர் ரூம் எட்டடி எதுக்கு? ஆறரை அடி போதும். வழிய அஞ்சடி ஆக்கியிருக்கேன். இப்பத் திரும்பும்."

தெரியாமல் தவறு செய்த ட்ரேசர்கள் உண்டு. தெரிந்தே சுவரை நகர்த்தி, அளவையும் மாற்றி எழுதி, மையில் போட்டு நீட்டியவளை மாஸ்டர் தன் முப்பது வருடத்தில் பார்த்திருக்க மாட்டார்.

"நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். ஆனா திரும்பாது சார். வேணும்னா அவளக் கேளுங்க. அவளுந்தான் சேந்து பாத்தா."

பதினாறு பையன்களும் என் பக்கம் திரும்பினார்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ பார்த்தியாம்மா?"

ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியது அதுதான். வீட்டில் மூன்று பேர், அப்பாவின் இருமல் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நொடியில் அதெல்லாம் வரவில்லை. வேலை எனக்கு என்பது மட்டும் தெரிந்தது.

"நான் முகப்புதான் சார் போட்டேன். பிளானைப் பார்க்கல" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. காது சரியாகக் கேட்காதவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மாஸ்டர் புதுத் துணியை வெட்டி என்னிடம் கொடுத்தார். மூன்றரை அடி வழியை மூன்றரை அடியாகவே நான் போட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. துணியில் விழுந்தால் தடமாகிவிடும், அதனால் அழவும் முடியவில்லை. அவள் தன் பலகையைத் துடைத்தாள், பேனா முனையைக் கந்தலில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள், பின்களை எண்ணி மாஸ்டர் மேசையில் வைத்தாள். போகிறபோது என் பலகையருகே நின்று எட்டிப் பார்த்தாள்.

"திருப்பத்துல கோடு தடிமனா வருது பாரு. பேனாவத் தொடச்சுக்க" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. படத்தின் மூலையில், ட்ரேஸ் செய்தவர் என்ற கட்டத்தில் என் முதலெழுத்துகள் ஏறின. வேலையும் எனக்கே கிடைத்தது. இரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான படம் எடுத்திருப்பேன். ஒன்றிலும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

எனக்குக் கல்யாணமாகித் தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோது, வலி எடுத்ததும் அந்த விடுதிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஊரில் பக்கமாக இருந்தது அதுதான். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்த இடத்தில் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. திருப்பத்தில் நின்றார்கள். தரையில் இறக்கினார்கள். ஆயா குனிந்து என் கையைப் பிடித்தாள்.

"எந்திரிம்மா, மெல்ல நட. இதுக்கு மேல தூக்கிட்டுப் போக முடியாது. இங்கன எல்லாரும் நடந்துதான் போகணும். எந்த மகராசன் போட்ட பிளானோ, அவன் பொண்டாட்டி இங்கிட்டு வந்தா தெரியும்."

"மகராசன் இல்ல, நாந்தான்" என்றேன். ஆயாவுக்குப் புரியவில்லை. வலியில் புலம்புகிறேன் என்று நினைத்து, "சரி சரி, நட தாயி" என்றாள்.

மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து மாதம் ஆனதும் தூக்கிக்கொண்டு நிலக்கோட்டை பஸ் ஏறினேன். ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். விசாரித்து விசாரித்துப் போனேன். மாமா மகனைக் கட்டியிருந்தாள். அவர் வாசலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க, அவ தோட்டத்துல நிக்கா. வெயில்ல வந்துருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க" என்று எழுந்தார். நல்ல மனிதர்தான்.

அவள் செடிகளுக்கு நடுவிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினாள். தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அங்கதான் பெத்தியா?"

"ஆமா."

"திரும்புச்சா?"

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பேச்சை ஒத்திகை பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் சொன்னேன்.

"திரும்பல. கீழ இறக்கிட்டாங்க. நடந்துதான் போனேன்."

அவள் கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டரை வருடத்துக்கு முன் பார்த்த அந்தப் படம் அவளுக்குள் அப்படியே இருந்தது.

"திருப்பத்துல இருந்து மேச வரைக்கும் பதினோரு அடி" என்றாள். "இடுப்பு வலியோட பதினோரு அடி ரொம்பத் தூரம்டி."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்காக அழுதாள். நான் அதற்காக அங்கே போகவில்லை. திட்டு வாங்கப் போயிருந்தேன்.

"அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா என்னாயிருக்கும்? ரெண்டு பேரையும் அனுப்பிச்சுட்டு வேற ஆள வச்சுப் போட்டுருப்பாரு. செவுரு அங்கனதான் நின்னுருக்கும்."

எனக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. அதைக் கை மாற்றிப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"ஆனாலும் நீ பாத்தேன்னு சொல்லியிருக்கலாம்டி" என்றாள்.